கோடைப் புழுக்கமும் நோயாளியின் உடலும்

மே மாதம் 4ஆம் நாள் தொடங்கி 28ஆம் நாள் வரை நீடிக்கும் அக்கினி நட்சத்திரக் காலத்தை மக்கள் கத்திரி வெயில் என்று அழைக்கின்றனர். ஆனால் வெப்பத்தால் நலிவுற்று எங்கள் பிரிவுக்கு வருவோர் பஞ்சாங்கம் பார்த்து வருவதில்லை. மார்ச் இறுதியில் தொடங்கும் அவர்களது வருகை ஜூன் மாதம் முழுவதும் தொடர்கிறது. சென்னையில் இதுவரை பதிவான மிக உயர்ந்த வெப்பநிலையான 45 டிகிரி செல்சியசும், 2003ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் நாள், கத்திரி முடிந்த பின்னரே பதிவாயிற்று.

நலமாயிருப்போருக்கு வெயில் ஒரு தொல்லை. இதயம், சிறுநீரகம், நீரிழிவு, இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்காக நாள்தோறும் மருந்து உட்கொள்வோருக்கு அது ஓர் இடர். இவ்வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இதனை நாங்கள் கற்றுக்கொண்ட ஒரு நிகழ்விலிருந்து தொடங்குகிறோம்.

ஒரு மே மாதக் காலையில், எழுபது வயதை நெருங்கிய ஒருவர் குளியலறை வாசலில் மயங்கி விழுந்து எங்களிடம் கொண்டுவரப்பட்டார். அவருடைய இதயம் வலுவிழந்திருந்தது. நான்கு மாதங்களுக்கு முன், கால் வீக்கமும் மூச்சுத்திணறலுமாக வந்திருந்த அவருக்கு, நீர் பிரியும் மாத்திரை கொடுத்து, நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்கு மேல் நீர் அருந்தலாகாது என்று எழுதி அனுப்பியவர்கள் நாங்கள்தாம். மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள வீட்டில் வாழ்ந்த அவர், அந்த அறிவுரையை ஒரு நாளும் மீறவில்லை. அவர் மனைவி காலையில் ஒரு செம்பில் நீரை அளந்து வைத்து, அது தீர்ந்ததும் மறுத்துவிடுவார். மே மாதத்தில் அவர் உடலிலிருந்து வியர்வையாகவே ஒரு லிட்டருக்கு மேல் வெளியேறிக்கொண்டிருந்தது. மாத்திரையும் தன் பணியைச் செய்துகொண்டிருந்தது. மருத்துவமனைக்கு வந்தபோது அவரது எடை நான்கு கிலோ குறைந்திருந்தது. இரத்த அழுத்தம் வெகுவாகத் தாழ்ந்திருந்தது. சிறுநீரகங்கள் செயல் குன்றத் தொடங்கியிருந்தன.

ஒரு வாரத்தில் அவர் நலமடைந்து வீடு திரும்பினார். எனினும் முதல் நாள் மாலை அவர் மனைவி கேட்ட கேள்வி எங்களை விட்டு அகலவில்லை. "நீங்கள் சொன்னபடிதானே கொடுத்தேன்? தாகமாயிருக்கிறது என்று அவர் கேட்டபோதெல்லாம் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேனே?" என்றார் அவர். பிழை அவருடையதன்று, எங்களுடையது. பனிக்காலத்தில் எழுதிய அளவைக் கோடை வருமுன் திருத்தி எழுத நாங்கள் தவறிவிட்டோம். அன்று முதல், பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மறுபரிசோதனைக்கு வருவோரின் குறிப்பேட்டில் கோடைக்கென்று தனியே சில வரிகள் எழுதுவதை வழக்கமாக்கிக்கொண்டோம். உங்கள் குறிப்பேட்டில் அவ்வரிகள் இல்லையெனில், அவற்றைக் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை.

உடல் தன்னைக் குளிர்விக்கும் முறை

நம் உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ 37 டிகிரியில் நிலைத்திருக்க வேண்டும். வெறுமனே அமர்ந்திருக்கும்போதும் உடல் இடையறாது வெப்பத்தை உண்டாக்குகிறது. அவ்வெப்பம் குருதியின் வழியே தோலுக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து காற்றுக்குச் செல்கிறது. தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 35 டிகிரி. சுற்றியுள்ள காற்று அதனினும் சூடாகிவிட்டால், வெப்பம் வெளியேறுவதற்கு மாறாக உள்ளே புகத் தொடங்கும். அந்நிலையில் உடலுக்கு எஞ்சியிருக்கும் ஒரே வழி வியர்வை.

வியர்வை சுரப்பதால் மட்டும் உடல் குளிர்வதில்லை. அது ஆவியாக வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை அது உடலிலிருந்து எடுத்துச்செல்லும். ஆவியாகாமல் சொட்டி வீழும் வியர்வை உடலின் நீரையும் உப்பையும் வீணாக்குகிறதேயன்றிக் குளிர்ச்சி தருவதில்லை.

இதற்கு நம் வீட்டு மண்பானையே சான்று. பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது. காற்று வறண்டிருக்கும் ஊரில் பானை நீர் சில்லென்றிருக்கும். கடலோர ஊர்களில் புழுக்கம் மிகுந்த நாளில் அதே பானையின் வெளிப்புறம் ஈரமாகவே இருக்கும். நீரோ அவ்வளவாகக் குளிர்ந்திராது. நம் உடலும் அத்தகைய பானைதான்.

ஆகவே வெப்பமானி காட்டும் எண்ணை மட்டும் நம்பலாகாது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பர். வியர்வை உடலை எந்த அளவுக்குக் குளிர்விக்க இயலும் என்பதை அது உணர்த்தும். உள்மாவட்டம் ஒன்றில் 42 டிகிரி வெப்பமும் 25 விழுக்காடு ஈரப்பதமும் நிலவினால், ஈரக்குமிழ் அளவு ஏறத்தாழ 26 டிகிரி. கடலோரத்தில் 37 டிகிரி வெப்பமும் 60 விழுக்காடு ஈரப்பதமும் நிலவினால், அது ஏறத்தாழ 30 டிகிரி. செய்தியில் 37 என்று கேட்டு ஆறுதல் கொள்ளும் நாளே, வியர்வைக்கு மிகக் கடினமான நாளாக அமைந்துவிடுகிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறையும் வெப்ப அலையை அறிவிக்கக் கருதும் அளவைச் சமவெளிக்கு 40 டிகிரி என்றும் கடலோரத்துக்கு 37 டிகிரி என்றும் வெவ்வேறாகவே வைத்துள்ளது. அத்துடன், இயல்பான அளவைவிட எவ்வளவு உயர்ந்துள்ளது என்பதையும் அத்துறை கணக்கில் கொள்கிறது.

இதயமும் சிறுநீரகமும் ஏன் களைக்கின்றன?

வெப்பத்தை வெளியேற்றுவதற்காகத் தோலின் குருதிக்குழாய்கள் விரிகின்றன. விரிந்த குழாய்களை நிரப்ப இதயம் விரைந்தும் மிகுந்தும் உழைக்க வேண்டும். அதே வேளையில் வியர்வையால் குருதியின் நீர் குறைகிறது. வலுவுள்ள இதயம் இவ்விரு சுமைகளையும் தாங்கும். நலிந்த இதயம் தடுமாறும். தோலுக்கு மிகுதியான குருதி செல்வதால் சிறுநீரகத்துக்குச் செல்வது குறைகிறது. முதியோருக்கு வியர்வைச் சுரப்பும் தாக உணர்வும் குறைந்துவிடுவதால், உடல் வறண்ட பின்னரும் அவர்கள் நீர் கேட்பதில்லை. "தாகமில்லை" என்று முதியவர் கூறுவதை, உடலில் நீர் போதுமானதாக உள்ளது என்பதற்குச் சான்றாகக் கொள்ளற்க.

நீங்கள் உட்கொள்ளும் மருந்துகள்

கோடையில் தனிக்கவனம் வேண்டும் மருந்துகள் சில உள. ஃப்யூரோசமைடு, டார்சமைடு, ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற நீர் பிரியும் மாத்திரைகள் வியர்வையோடு சேர்ந்து உடலை வறளச் செய்யும். எனாலபிரில், ராமிப்ரில், டெல்மிசார்டான், லோசார்டான் போன்ற இரத்த அழுத்த மருந்துகள், உடல் வறண்ட நிலையில் அழுத்தத்தை அளவுக்கு மீறித் தாழ்த்திச் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகிய நீரிழிவு மருந்துகள் சிறுநீரின் வழியே சர்க்கரையோடு நீரையும் வெளியேற்றும். மனநல மருந்துகள் சிலவும், நடுக்கத்துக்குத் தரப்படும் ட்ரைஹெக்சிபெனிடில் போன்றவையும், வியர்வையைக் குறைத்து உடல் குளிர்வதைத் தடுக்கும். லித்தியம் உட்கொள்வோர் நீரிழந்தால் அம்மருந்து குருதியில் மிகுந்து நஞ்சாகலாம். மூட்டுவலிக்குத் தாமாகவே கடையில் வாங்கி விழுங்கும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் மாத்திரைகள் வறண்ட சிறுநீரகத்துக்குப் பெருந்தீங்கு விளைவிப்பவை.

இப்பெயர்களைக் கண்டு எவரும் தாமாகவே மருந்தை நிறுத்திவிடலாகாது. நிறுத்துவதால் வரும் இடர், வெயிலால் வரும் இடரினும் பெரிதாக இருக்கலாம். செய்ய வேண்டியது இதுவே: கோடை தொடங்குமுன் மருந்துச்சீட்டைக் கொண்டுவந்து, "வெயில் காலத்துக்கு இவ்வளவுகள் பொருந்துமா? வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்தால் எதனை நிறுத்த வேண்டும்?" என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்; விடையை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்சுலின் பயன்படுத்துவோருக்கு மற்றொரு செய்தி. திறக்காத குப்பிகளை 2 முதல் 8 டிகிரிக்குள், குளிர்பெட்டியின் கதவிலோ உறைபகுதியிலோ அல்லாமல், நடுத்தட்டில் வைக்க வேண்டும். பயன்பாட்டில் உள்ள இன்சுலின் 30 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் இருத்தல் கூடாது. மே மாதத்தில் நம் வீட்டு அலமாரியே அதனினும் சூடாயிருக்கும். குளிர்பெட்டி இல்லாதோர், ஈர மணல் நிரப்பிய மண்சட்டிக்குள் மற்றொரு சிறு மண்கலத்தை வைத்து, அதனுள் குப்பியை நீர் படாதவாறு பையிலிட்டு, நிழலும் காற்றும் உள்ள இடத்தில் வைக்கலாம். புழுக்கம் மிகுந்த நாளில் இச்சட்டியும் குறைவாகவே குளிரும் என்பதை நினைவிற்கொள்க. வழக்கமான அளவைப் போட்டும் சர்க்கரை ஏறிக்கொண்டே போனால், மருந்து வெயிலில் கெட்டிருக்கக்கூடும் என்று ஐயுறுக.

எவ்வளவு நீர்? எத்தகைய நீர்?

தடையேதும் இல்லாதவர்கள் தாகத்துக்குக் காத்திராமல் சிறுகச் சிறுக நீர் அருந்தி வரவேண்டும். சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருப்பின் போதுமானது. அடர்மஞ்சளாகவோ மிகக் குறைவாகவோ இருப்பின் போதாது.

நீர்க்கட்டுப்பாடு விதிக்கப்பட்ட இதய நோயாளிகளுக்கு நாங்கள் தரும் கருவி ஒன்றே; அது எடைபார்க்கும் பொறி. நாள்தோறும் காலையில், சிறுநீர் கழித்த பின், உணவுக்கு முன், ஒரே வகை உடையில் எடை பாருங்கள். நாட்காட்டியில் குறித்து வையுங்கள். இரண்டு மூன்று நாட்களுக்குள் இரண்டு கிலோ கூடினால் உடலில் நீர் சேர்கிறது; இரண்டு கிலோ குறைந்தால் உடல் வறள்கிறது. இரண்டும் எங்களுக்குத் தெரிவிக்க வேண்டிய செய்திகளே. மேலே கூறிய பெரியவரின் வீட்டில் அன்று ஓர் எடைப்பொறி இருந்திருப்பின், அவர் விழுவதற்குச் சில நாட்களுக்கு முன்னரே அது எச்சரித்திருக்கும்.

டயாலிசிஸ் செய்துகொள்வோரின் நிலை வேறு. அவர்களுக்குச் சிறுநீர் மிகக் குறைவாதலால், மிகுதியாக அருந்தும் நீர் நுரையீரலில் தேங்கும். வெயிலென்று தாமாக அளவைக் கூட்டலாகாது. உப்பைக் குறைத்தால் தாகம் குறையும். அப்பளம், ஊறுகாய், கருவாடு ஆகியவற்றைத் தவிர்ப்பது நன்று. அன்றைய அளவை ஒரு புட்டியில் நிரப்பி வைத்து அதிலிருந்தே அருந்துதல், வாயைக் கொப்பளித்தல், அளவில் சேர்த்துக் கணக்கிட்டுச் சிறு பனிக்கட்டித் துண்டை வாயிலடக்குதல் ஆகியவை உதவும். இளநீரிலும் சாத்துக்குடிச் சாற்றிலும் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகம் பழுதுற்றோரின் இதயத்தை அது நிறுத்திவிடவும் கூடும். நோயாளியைக் காண வரும் உறவினர் அன்போடு வாங்கிவரும் இளநீரை இவர்களுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

நீர்மோர் சிறந்த கோடை பானம். இரத்த அழுத்தமும் இதய நோயும் உள்ளோர் உப்பிடாமல் அருந்துக. பானகத்தில் வெல்லம் இருப்பதால் நீரிழிவாளருக்கு ஏற்றதன்று. தர்பூசணியும் நுங்கும் அளவோடு உண்ணலாம். வியர்வையால் தளர்ந்தவருக்கு உப்பு-சர்க்கரைக் கரைசல் எனப்படும் ஓ.ஆர்.எஸ். பொடி நல்ல துணை. பொட்டலத்தில் குறித்துள்ள அளவு நீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். மேற்கூறிய நோய்கள் உள்ளோர் மருத்துவரைக் கேட்டே அதனை அருந்துதல் வேண்டும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலே போதும். கோடையிலும் தனியே நீர் தேவையில்லை. அடிக்கடி பாலூட்டினால் போதும். தாய் நிறைய நீர் அருந்த வேண்டும்.

வெளியில் பணிபுரியும் பெண்கள் பலர், கழிப்பிடம் இல்லாத காரணத்தால் காலை முதல் மாலை வரை நீர் அருந்துவதில்லை என்று எங்களிடம் கூறுகின்றனர். சிறுநீர்த்தொற்றும் சிறுநீரகக் கல்லும் இவ்வழக்கத்தின் விளைவுகள். இது அவர்களது கவனக்குறைவன்று. பணியிடம் சரிசெய்ய வேண்டிய குறை. கழிப்பிடம் எங்குள்ளதென்று முன்னரே அறிந்து, அதற்கேற்ப இடைவேளைகளில் நீர் அருந்துமாறு வீட்டார் வற்புறுத்துக.

வீட்டினுள்

பகலெல்லாம் வெப்பத்தை உண்ட கான்கிரீட் கூரை, இரவெல்லாம் அதனை உமிழ்கிறது. இரவிலும் உடல் குளிராவிடில் மறுநாளின் வெப்பத்தைத் தாங்கும் ஆற்றல் குறைகிறது. மேல்தளத்தில் முதியவர் இருப்பின், கோடை முடியும்வரை கீழ்த்தளத்துக்கோ குளிர்ந்த அறைக்கோ அவரை மாற்றுங்கள். வெயில் படும் சன்னல்களைப் பகலில் திரையிட்டு மூடி, வெளிக்காற்று குளிர்ந்த பின் திறந்து வையுங்கள். கூரையில் வெண்ணிறப் பூச்சு பூசுவதும் பயன் தரும்.

மின்விசிறி வியர்வையை ஆவியாக்கி உதவும். ஆனால் அறையின் வெப்பம் 40 டிகிரியைக் கடந்தால் அது சூடான காற்றையே உடலின்மேல் வீசும். அந்நேரத்தில் விசிறியை மட்டும் நம்பியிராமல் குளிர்ந்த இடத்துக்குச் செல்லுதலே நன்று. ஈரத்துணியால் உடலைத் துடைப்பதும், நாளில் இரண்டு மூன்று முறை நீராடுவதும் எளிய, செலவில்லாத வழிகள். கடலோர ஊர்களில் பெரும்பாலான நாட்களில் நண்பகலையொட்டிக் கடற்காற்று வீசத் தொடங்கும். மேல்காற்று வலுத்து அது தாமதமாகும் நாட்களில் வெப்பம் சட்டென்று ஏறும். அத்தகைய நாட்களில் மருத்துவமனைக்கு வருவதைக் காலை நேரத்துக்கு மாற்றிக்கொள்வது நலம்.

தளர்ச்சியும் தாக்கும்

வெப்பத் தளர்ச்சியின் அறிகுறிகள்: மிகுந்த வியர்வை, தலைவலி, குமட்டல், கெண்டைக்கால் தசைப்பிடிப்பு, எழுந்து நின்றால் தலைசுற்றல். இந்நிலையில் அறிவு தெளிவாக இருக்கும். நிழலில் படுக்கவைத்து, காலைச் சற்று உயர்த்தி, உடலை நனைத்து விசிறி, பருக நீரோ கரைசலோ கொடுத்தால் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் தெளிவர். தெளியாவிடில் மருத்துவமனைக்கு அழைத்து வருக.

மக்கள் "சன் ஸ்ட்ரோக்" என்று கூறும் வெப்பத்தாக்கு இதனினும் வேறானது. உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைக் கடந்து, மூளை தடுமாறத் தொடங்குவதே அதன் இலக்கணம். பொருத்தமற்ற பேச்சு, ஆளையறியாமை, தள்ளாட்டம், வலிப்பு, மயக்கம் ஆகியவை அதன் அடையாளங்கள். வியர்வை நின்றுவிட்டால்தான் வெப்பத்தாக்கு என்று எண்ணுவது தவறு. வெயிலில் உழைத்தவருக்கு உடல் நனைந்திருக்கும்போதே அது வரலாம். வெளியே செல்லாமல் வீட்டிலேயே இருந்த முதியவருக்கும் வரலாம். பிதற்றலைத் தூக்கக் கலக்கம் என்றோ வயதின் இயல்பு என்றோ கருதிக் காத்திருந்து, காலம் கடந்து கொண்டுவரப்பட்டோரை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

அந்நேரத்தில் செய்ய வேண்டியவை வருமாறு. உடனே 108ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை காத்திராமல் குளிர்விக்கத் தொடங்குங்கள். நிழலுக்குக் கொண்டுசென்று மேலாடைகளை அகற்றி, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி, இடைவிடாது விசிறுங்கள். பனிக்கட்டி கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வையுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவரின் வாயில் எதனையும் புகட்டாதீர்கள்; அது மூச்சுக்குழாயில் சென்றுவிடும். பாராசிட்டமால் கொடுக்காதீர்கள், இது கிருமியால் வந்த காய்ச்சலன்று, அம்மாத்திரையால் தணியாது. கழிந்து செல்லும் ஒவ்வொரு நிமிடமும் மூளைக்கும் கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு விளைக்கும். உயிரைக் காப்பதில் முதற்பங்கு எங்களுடையதன்று. அருகிலிருந்து தண்ணீர் ஊற்றுபவருடையது.

குடும்பத்தாருக்குச் சில சொற்கள்

வெப்பத்துக்கு உடல் பழகுவதற்கு ஒன்று முதல் இரண்டு வாரங்கள் ஆகும். ஆகவே கோடையின் முதல் சூடான நாட்களும், குளிர்ந்த ஊரிலிருந்து திரும்பிய நாட்களும் மிகுந்த கவனத்துக்குரியவை. தனியே வாழும் முதியவரைக் காலையிலும் மாலையிலும் ஒருவர் நேரில் காணுதல் வேண்டும். தொலைபேசியில் "நன்றாயிருக்கிறேன்" என்று கூறும் குரலைவிட, குடித்துத் தீர்ந்த செம்பும் அன்றைய எடையும் உண்மையை உரைக்கும்.

நோயாளியுடன் எங்கள் வளாகத்தில் காத்திருப்போரும் நீர் அருந்த மறந்துவிடுகின்றனர். ஒவ்வொரு தளத்திலும் குடிநீர் உள்ளது. கேட்டால் செவிலியர் காட்டுவர். நோயாளியைக் காப்பவர் தாமும் நலமாயிருத்தல் வேண்டும்.

இறுதியாக, நீங்கள் வீடு திரும்பியதும் செய்ய வேண்டிய செயல் ஒன்று உண்டு. உங்கள் வீட்டு நோயாளிக்கு நாங்கள் எழுதிக்கொடுத்த நீரின் அளவு எந்த மாதத்தில் எழுதப்பட்டது என்று குறிப்பேட்டைத் திறந்து பாருங்கள். அது பனிக்காலத்தில் எழுதப்பட்டதாயின், அடுத்த முறை வரும்வரை காத்திராமல் எங்களைக் கேளுங்கள். கேட்பதால் எங்கள் நேரம் வீணாவதில்லை. கேட்காமல் அளந்து வைத்த ஒரு செம்பு நீர் எத்தகைய துயரத்தைத் தந்தது என்பதை நாங்கள் மறக்கவில்லை.